பழைய பதிப்பா, புதிய பதிப்பா: காஸ் புளோபேக் எயார்சொஃப்ட் எம்பி5ஐ ஒப்பிட ஒரு வழிகாட்டி

கொழும்பு பஞ்சிகாவத்தையில் என் கடைக்கு வருகிறவர்கள் கார் ஏசி குளிரவில்லை என்றுதான் வருவார்கள். விளையாட்டுத் துப்பாக்கி பற்றி என்னிடம் கேட்பதற்கு ஒரே காரணம் என் அக்காவின் மகன். லண்டனில் ஹரோவில் இருக்கிறான். வார இறுதிகளில் எயார்சொஃப்ட் ஆடுகிறவன், சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு ஆடும் ஆட்டம் அது. அவனிடம் இருப்பது எம்பி5 என்ற சப்மெஷின் துப்பாக்கியின் வடிவில் செய்தது. காஸ் புளோபேக் வகை, அதாவது காஸே குண்டையும் அனுப்பி, உள்ளிருக்கும் போல்டையும் பின்னுக்குத் தள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அழைத்தான்: "மாமா, ரெண்டாம் வேர்ஷன் வந்திட்டுது. எல்லாம் திருத்திட்டினமாம். இருக்கிறதை வித்துப்போட்டு அதை வாங்கட்டோ?"

"என்னடா திருத்தினவை?" என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விளம்பரத்தில் "மேம்படுத்தப்பட்டது" என்று மட்டும் இருந்ததாம்.

அன்றிலிருந்து அவனுடைய சாமானைக் கொழும்பிலிருந்து வீடியோவிலும், ஒரு முறை லண்டனில் நேரிலும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் இது ஒரு சின்ன ஏசி. திரவமாக அடைத்து வைத்த காஸ், அதைத் திறந்துவிடும் வால்வு, காஸ் தள்ளும் ஒரு பிஸ்டன். ஆகவே இரண்டு பதிப்புகளை ஒப்பிட நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெளித்தோற்றத்தைப் பார்க்காமல், காஸ் போகும் வழியை, குண்டும் காஸும் அடைக்கும் மகசினிலிருந்து குழல்வாய் வரை பின்தொடர்ந்து பாருங்கள். எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் பழையதில் எது உடைந்தது என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

இலங்கையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் துப்பாக்கிச் சட்டம் 1916ஆம் ஆண்டினது, பின்னால் திருத்தங்களும் வந்தன. "பிளாஸ்டிக் குண்டுதானே, விளையாட்டுச் சாமான்தானே" என்று நினைத்து இணையத்தில் ஓடர் போடாதீர்கள். பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் முதலில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டத்தை விடுங்கள்: அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காலி வீதிச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற தலைமுறை நான். எம்பி5 போலவே இருக்கும் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏற என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால்தான் என் வேலை பெரும்பாலும் வரைபடங்களிலும் வீடியோக்களிலும் நடந்தது. வாங்குவதற்கு முன் ஒப்பிட அது போதும்.

பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு: மகசினைக் கழற்றுங்கள், குழலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கண்ணைக் காக்கும் கண்ணாடி போடுங்கள். மகசினைக் கழற்றிய பின்னும் உள்ளே ஒரு குண்டு நிற்கலாம்.

முதல் படி: எந்தக் காஸுக்குச் செய்தது?

இதைக் கேட்காமல் மற்றதைக் கேட்டுப் பயனில்லை.

இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் காஸ் போடுவார்கள். ஒன்று 134ஏ. ஆம், நாங்கள் கார் ஏசிக்கு அடிக்கும் அதே ஆர்134ஏதான். ஜப்பானியத் தயாரிப்புகள் நெடுங்காலமாக அதை நம்பியே செய்யப்பட்டவை. மற்றது "கிரீன் காஸ்" என்று விற்பது. அது புரோப்பேனும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும். 2021 கடைசியில் சமையல் சிலிண்டர்கள் வெடித்துத் தீப்பிடித்த நாட்களில் புரோப்பேன், பியூட்டேன் விகிதம் பற்றிக் கொழும்பில் பேசாத அடுப்படி இல்லை. புரோப்பேனுக்கு அமுக்கம் கூட என்பது அன்றைக்கு எல்லோரும் படித்த பாடம். அது இங்கேயும் பொருந்தும்.

கடையில் 134ஏ சிலிண்டருக்கு அமுக்கம் காட்டும் கேஜ் மாட்டி வையுங்கள். காலையில் 25 பாகையில் முள் 82 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். பின்னேரம் தகரக் கூரை சுட்டு உள்ளே 35 பாகை ஆனால் அதே முள் 114ஐத் தொடும். நீங்கள் எதையும் தொடவில்லை, வெயில் ஏற்றியது. புரோப்பேன் 10 பாகையில் சுமார் 78, 30 பாகையில் சுமார் 142. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: கொழும்பின் 30 பாகையில் 134ஏ தரும் அமுக்கமும் லண்டனில் 17 பாகையில் புரோப்பேன் தரும் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் லண்டன்காரர் ஒருவர் "முதல் பதிப்பு சோம்பேறி, இரண்டாம் பதிப்பு நன்றாக உதைக்கிறது" என்று எழுதினால், எந்த மாதம், எந்தக் காஸ் என்று கேட்காமல் நம்பாதீர்கள். தை மாதத்தில் ஒன்றையும் ஆடி மாதத்தில் மற்றதையும் சுட்டுப் பார்த்திருப்பார்.

134ஏ போன்ற மென்மையான காஸை நினைத்துச் செய்த முதல் பதிப்பில், குண்டைத் தள்ளிக் காஸை அனுப்பும் நொசில் பிளாஸ்டிக், வால்வைத் தட்டும் ஹாமர் துத்தநாகக் கலவை என்று இருந்தால் அது குறையல்ல. அந்தக் காஸுக்கு அது போதும். அதில் வெயில் நாளில் புரோப்பேனை அடைத்தால்தான் வினை. 12 கிராம் காபனீரொட்சைட்டுக் குப்பி போடும் மகசின்களும் உண்டு. அந்த வாயு 20 பாகையிலேயே சுமார் 57 பார், அதாவது 800 பிஎஸ்ஐக்கு மேல், அமுக்கம் தரும். எங்கள் வெக்கைக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்று. மலிவு என்று ஏசிக் கடை டின்னை வாங்கி மகசினில் ஏற்றாதீர்கள். அவற்றில் சிலவற்றில் கம்பிரசருக்கான பேக் எண்ணெயோ, சாயமோ, ஒழுக்கு அடைக்கும் மருந்தோ கலந்திருக்கும். பேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

இரண்டாம் படி: இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கத்தோடு. பலர் அதைத் திறப்பதே இல்லை. எனக்கு அதுதான் வேதம்.

மருமகன் இரண்டு பதிப்பின் படங்களையும் அனுப்பினான். வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷனில் ஏ3 தாளில் பிரின்ட் எடுத்தேன். (கடைப் பெடியன் "அங்கிள், இது என்ன மெஷின்?" என்று கேட்டான். "தையல் மெஷின் மாதிரி ஒன்று" என்று சொல்லி வைத்தேன்.) கடை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெளிச்சத்தில் பார்த்தபடி சிவப்புப் பென்சிலால் குறித்தேன். இலக்கம் மாறிய பாகத்துக்கு வட்டம். இலக்கம் அதேயாக இருந்து உருவம் மாறியதற்குக் கேள்விக்குறி. புதிதாக முளைத்ததற்குப் புள்ளடி.

வட்டங்கள் சிதறிக் கிடக்கின்றனவா, ஓரிடத்தில் கூடி நிற்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு பாகம் மட்டும் மாறி அதன் அயல் பாகங்கள் அப்படியே இருந்தால், பெரும்பாலும் உடைந்ததைத் தடிப்பாக்கி அனுப்பியிருக்கிறார்கள். அடி அடுத்த பலவீனமான பாகத்தில் போய் விழும். ஹாமரை இரும்பாக்கிவிட்டு, அடியை வாங்கி வால்வுக்குக் கொடுக்கும் வால்வுத் தட்டியைத் துத்தநாகத்திலேயே விட்டால் என்ன ஆகும்? சில ஆயிரம் சூட்டுக்குப் பிறகு தட்டியின் முகம் தேயும், வால்வு முழுதாகத் திறக்காது, துப்பாக்கி பலமிழக்கும். வாங்கியவர் காஸைக் குறை சொல்வார். மாறாக ஹாமர், தட்டி, அதன் ஸ்பிரிங், வால்வு நான்கும் சேர்ந்து மாறியிருந்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பதிப்புக்குக் காசு கொடுக்கலாம்.

எங்கள் தொழிலில் பழைய ஆர்12 காஸ் போய் ஆர்134ஏ வந்த காலம் ஞாபகம் வருகிறது. காஸை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எண்ணெயையும் மாற்ற வேண்டும், ஒழுக்கைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தை, ஓ ரிங்கை, கழற்றிப் பச்சை ஓ ரிங் போட வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் போன வண்டி திரும்பி வரவில்லை.

மூன்றாம் படி: மகசின்

காசு போகும் இடம் இதுதான். ஒரு துப்பாக்கியோடு ஒரு மகசின்தான் பெட்டியில் வரும். ஆடுகிறவருக்கு நாலைந்து வேண்டும். பழைய மகசின் புதிய பதிப்பில் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். "பொருந்தும்" என்ற பதில் போதாது. பூட்டிக்கொள்வது வேறு, காஸ் ஒழுகாமல் நொசிலோடு ஒட்டி நிற்பது வேறு. மகசினின் மேற்புறத்தில் உதடு போல ஒரு ரப்பர் துருத்தி நிற்கும், காஸ் வெளியேறும் வாய் அது. இரண்டு பதிப்பிலும் அந்த ரப்பரின் இலக்கம் ஒன்றா? உயரம் ஒன்றா? அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் ஒவ்வொரு சூட்டிலும் பக்கவாட்டில் புஸ் என்று கொஞ்சம் காஸ் போகும்.

அடுத்தது உள்ளிருக்கும் காஸ் அறையின் அளவு. தொடர்ந்து சுட்டால் திரவம் ஆவியாகும், ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை மகசினின் உலோகத்திலிருந்து எடுக்கும், மகசின் கையில் ஜில்லென்று ஆகும், அமுக்கம் இறங்கும். குளிர்சாதனப் பெட்டி செய்யும் அதே வேலை, இங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது. பருத்த, உலோகம் நிறைந்த மகசின் மெதுவாகக் குளிரும். மேக்-11 வடிவில் வரும் குட்டித் துப்பாக்கிகள் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் என்ற வேகத்தில் துப்பும்போது மகசின் மூச்சு வாங்குவது இதனால்தான்.

மகசினை வாய்வரை நிரப்பவும் கூடாது. ஆவி நிற்க இடமில்லாவிட்டால் திரவமே வால்வால் வெளியேறும். கம்பிரசருக்குள் திரவம் போனால் என்ன நடக்கும் என்று எந்த ஏசி பாஸிடமும் கேட்டுப் பாருங்கள், முகம் சுளிப்பார்.

நான்காம் படி: நொசில். இங்கே நிதானமாக

போன வருடம் மாசியில் ஒரு கல்யாணத்துக்காக லண்டன் போயிருந்தேன். இரவு சாப்பாடு முடிந்து, அக்கா மேசையைத் துடைத்த கையோடு பழைய பேப்பர் விரித்து, மருமகன் முதல் பதிப்பைப் பிரித்து வைத்தான். சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் போல்டுக்குள்ளிருந்து நொசிலை வெளியே இழுத்தான். கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக். முன்பக்கம் குண்டைத் தள்ளும் மெல்லிய மூக்கு, பின்பக்கம் அகன்ற சிலிண்டர், இரண்டும் சேரும் கழுத்தில் தலைமயிர் போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இலேசாக வளைத்தேன், கோடு வாய் திறந்தது.

எம்பி5 வடிவில் ஏன் இது அடிக்கடி நடக்கக்கூடியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெக்லர் அண்ட் கோக் 1960களில் வடிவமைத்த அசல் துப்பாக்கியில் உருளைகள் போல்டைத் தாமதப்படுத்தும். எயார்சொஃப்டில் அந்த வேலை இல்லை, உருளை தெரிந்தாலும் அழகுக்குத்தான். உள்ளே நடப்பது இது: ஹாமர் வால்வைத் தட்டும், காஸ் நொசிலுக்குள் ஏறும். நொசிலின் நடுவில் மிதக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. முதலில் அது முன்வழியைத் திறந்து வைத்துக் குண்டை அனுப்பும். குண்டு போனதும் முன்வழியை அடைத்துக் காஸைப் பின்னால் திருப்பும், போல்ட் பின்னுக்குப் பாயும். திரும்பி வரும் போல்டின் முழு எடையும் நொசிலின் கழுத்தில்தான் வந்து மோதும்.

ஆகவே ஒப்பிடும்போது நொசிலில் பார்க்க வேண்டியவை: கழுத்தின் தடிப்பு, பொருள் பிளாஸ்டிக்கா அலுமினியமா, உள்ளே மிதக்கும் வால்வின் உருவம், அதன் ஸ்பிரிங், பின்பக்கம் அடைப்பது ஓ ரிங்கா கிண்ண ரப்பரா, நொசிலின் மொத்த நீளம். இதில் நீளத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மருமகன் பார்க்கவில்லை. விரிசலைக் கண்டதும் இரண்டாம் பதிப்பின் நொசிலை மட்டும் தனியாக வாங்கிப் போட்டான். பூட்டிற்று, முதல் நாள் சுட்டும் காட்டிற்று. அடுத்த ஞாயிறு ஒன்றுக்கு இரண்டாகக் குண்டுகள் ஏறின. வேனியர் அளவுகோலால் அளந்து படம் அனுப்பச் சொன்னேன். புதிய நொசிலின் மூக்கு கொஞ்சம் நீளம். இரண்டாம் பதிப்பில் குண்டு வந்து உட்காரும் அறையையும் பின்தள்ளி வைத்திருக்கிறார்கள், மூக்கு அதற்கேற்ற நீளம். பழைய அறையில் அது ரப்பருக்குள் நுழைந்து, ரப்பரைத் தள்ளிவிட்டது. வரைபடத்தில் அறையைச் சுற்றியும் என் சிவப்பு வட்டம் இருந்தது. நான் சொல்லியும் இருந்தேன், ஆனால் பெடியன்கள் மாமா சொல்வதை எப்போது கேட்டார்கள்?

ஐந்தாம் படி: போல்ட்

பாரமான போல்ட் நன்றாக உதைக்கும், கூடக் காஸ் குடிக்கும், நொசிலையும் பின்தடுப்பையும் கூட அடிக்கும். இலகுவானது வேகமாக ஓடும், குளிரிலும் சமாளிக்கும், கையில் பொம்மை போல இருக்கும். எது நல்லது என்பது உங்கள் விருப்பம். என் விருப்பம் இலகு. மருமகன் விருப்பம் உதை.

திறந்த போல்டா, மூடிய போல்டா என்பதையும் பாருங்கள். சில காஸ் துப்பாக்கிகளின் ஆரம்பப் பதிப்புகளில் விசையை அழுத்தியதும் போல்ட் முன்னால் ஓடி முட்டிய பிறகே குண்டு போகும். பிறகு வந்தவற்றில் போல்ட் மூடிய நிலையிலிருந்தே சுடும். ஒற்றைச் சூட்டில் குறி பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது, ஏனென்றால் முன்னால் ஓடும் போல்ட் குறியைக் கலைக்கும். வீடியோவை மெதுவாக ஓட்டினாலே தெரியும்.

கடைசிக் குண்டுக்குப் பிறகு போல்ட் நிற்குமா? அசல் எம்பி5 நிற்காது. அதை அப்படியே பின்பற்றிய பதிப்பில், குண்டு முடிந்தது தெரியாமல் வெறுங்காஸைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். வெறுமையை உணர்ந்து நிறுத்தும் கம்பி ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தால் எனக்குச் சந்தோஷம். அசலைப் போல இல்லையே என்று முறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஹொப்-அப், அதாவது குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ரப்பர் அழுத்தி: அழுத்தம் நடுவில் நேராக விழுகிறதா, சுட்டுக்கொண்டே போகும்போது திருகு தானாக நகர்கிறதா என்று பாருங்கள். பெயின்ட், முத்திரை, தோளில் வைக்கும் பின்கட்டை: கண்ணுக்குப் பிடித்தால் சரி.

ஆறாம் படி: சுட்டு அளப்பது

இரண்டும் கையில் கிடைத்தால் ஒரே இடத்தில், ஒரே நாளில் அளக்கவும். மகசின்களை அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள், சூடு சமமாகட்டும். ஒரே காஸ், ஒரே எடைக் குண்டு.

காரில் காஸை அமுக்கம் பார்த்து மட்டும் அடிப்பவன் அரைகுறை, தராசில் வைத்து நிறுத்து அடிப்பவன்தான் தொழில்காரன். இங்கேயும் அதுவே. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் இருப்பது இதைவிட நுணுக்கமானது. மகசினில் குண்டு போடாமல் காஸை மட்டும் நிரப்பி நிறுங்கள். 30 குண்டு போட்டு, ஒன்றுக்கொன்று 5 செக்கன் விட்டுச் சுடுங்கள். மறுபடி நிறுங்கள். 6 கிராம் குறைந்திருந்தால் சூட்டுக்கு 0.2 கிராம். இரண்டு பதிப்புக்கும் இந்த ஒரு எண்ணை எடுத்தால் "காஸ் சிக்கனம்" என்ற விளம்பர வார்த்தைக்குப் பதில் கிடைத்துவிடும்.

குண்டின் வேகத்தைக் குரோனோவில், அதாவது வேகம் அளக்கும் கருவியில், பாருங்கள். சராசரியைவிட முதல் சூட்டுக்கும் பத்தாவது சூட்டுக்கும் உள்ள இறக்கம் முக்கியம். அதன்பிறகு ஜூல் கணக்கு, அதாவது குண்டின் சக்தி. 0.20 கிராம் குண்டு செக்கனுக்கு 100 மீற்றரில் போனால் சரியாக 1 ஜூல். பிரித்தானியாவில் தொடர்ந்து சுடக்கூடிய எயார்சொஃப்டுக்கு எல்லை 1.3 ஜூல், அதாவது அதே குண்டில் செக்கனுக்குச் சுமார் 114 மீற்றர், 374 அடி. ஒற்றைச் சூடு மட்டும் என்றால் 2.5 ஜூல். ஜப்பானில் 1 ஜூலுக்குச் சற்றுக் கீழே. புதிய பதிப்பில் ஒழுக்கு குறைந்து, வெயிலும் சேர்ந்தால், எல்லையைத் தானாகவே தாண்டிவிடக்கூடும். தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது எயார்சொஃப்ட் அல்ல.

காஸ் துப்பாக்கியில் ஒரு சூழ்ச்சி உண்டு: பாரமான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் நிற்பதால் காஸ் அதைக் கூடுதல் நேரம் தள்ளும், ஜூல் ஏறும். 0.20இல் அளந்துவிட்டு 0.28இல் ஆடினால் அளந்ததில் பயனில்லை. ஆடும் குண்டிலேயே அளக்கவும்.

கடைசியில் மருமகன் என்ன செய்தான்?

வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவனிடம் பழைய மகசின் ஐந்து இருந்தன. உதட்டு ரப்பரை மட்டும் மாற்றினால் அவை இரண்டாம் பதிப்போடு ஒட்டும். நொசில், குண்டு அறை, ரப்பர், உள்குழல் நான்கையும் ஒரு செட்டாக வாங்கிப் பழைய உடம்பில் போட்டான். ஹாமரைத் தொடவில்லை, ஏனென்றால் புதியதில் அதன் தட்டி மாறவில்லை. முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர் என்றால் நேரே இரண்டாம் பதிப்புக்குப் போகலாம். கையில் பழையது இருப்பவருக்கு அந்தச் செட்டே போதும்.

போன கிழமை இன்னொரு படம் அனுப்பியிருக்கிறான், மூன்றாம் பதிப்பாம். போனின் சின்னத் திரையில் பார்த்ததில் வால்வுத் தட்டியின் இலக்கம் மாறியிருப்பது போலத்தான் தெரிகிறது. ஏ3இல் பிரின்ட் எடுக்கக் கொடுத்திருக்கிறேன்.